உன் நைனா தலையாட்டியது எதற்கு

டேய் ராஜா, உன் கார்டு வந்தது. நான் படிப்பதற்கு முன்னாலேயே தபால்காரர் படித்துவிட்டார். "தம்பி சவுதிக்குப் போவுதாமே, பேஷ்" என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் வழக்கம்போல மோர் கொடுத்திருப்பேன். "ஊருக்கு வராமலே போவுதாமே" என்று இன்னொன்று சொன்னார் பார், மோர் கட். மெட்ராஸிலிருந்து நேராக பம்பாய், அங்கிருந்து விமானம், வந்து போக நேரமில்லை, உடம்பைப் பார்த்துக்கொள் என்று நாலு வரி எழுதியிருக்கிறாய். என் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி எனக்கு எதற்குடா கார்டு? அதைப் பார்க்காமல் இந்தச் செங்கம் ரோட்டில் யாராலும் போக முடியாது, ரோட்டில் பாதி அதுதான். நீ கார்டில் எழுதி ஊரே படித்துவிட்ட பிறகு நான் மட்டும் எதை மூடி மறைப்பது? இந்தக் கவரை ஒட்டாமல்தான் போடப்போகிறேன். தபால்காரர் படிக்கட்டும், உன் ஹாஸ்டல் வாட்ச்மேன் படிக்கட்டும், உன்கூட வார்டில் வேலை பார்த்த டாக்டர்களும் படிக்கட்டும். அவர்கள் படித்தால் நல்லது என்றுகூட எனக்கு ஒரு எண்ணம் இருக்கிறது.

உனக்குத்தான் தெரியுமே, வாரப் பத்திரிகைகளுக்குத் துணுக்கு எழுதிப் போடுகிற பொம்பளை நான். அச்சில் வந்தது கம்மி, திரும்பி வந்தது ஜாஸ்தி. உன் நைனா செத்துக் கிடந்த அன்றைக்கே, பந்தல் கோணலாக இருக்கிறது என்று பந்தல்காரரோடு மல்லுக்கு நின்றவள். அதனால் நடுவில் எங்காவது சிரிப்பு வந்தால் அம்மாவுக்குத் துக்கம் இல்லை என்று நினைத்துவிடாதே. எனக்கு வாயும் கண்ணும் தனித்தனியாக வேலை செய்யும்.

நீ ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். நேரமில்லை என்பதெல்லாம் தபால்காரருக்குச் சொன்னது. பத்தாம் நாள் காரியம் முடிந்து குளத்துப் படியில் மொட்டைத் தலையும் ஈரத் துண்டுமாக என் பக்கத்தில் உட்கார்ந்தாயே, அன்றைக்கு எதுவுமே கேட்காமல் நீயாகச் சொன்னாய்: "அம்மா, நான் மாஸ்க் போட்டிருந்தேம்மா." எனக்கு ஒன்றும் புரியவில்லை. பட்டினியில் பையனுக்கு மூளை கலங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்புறம் சொன்னாய். நைனாவுக்கு மூச்சு முட்டிக்கொண்டு வந்த அன்று, தொண்டையில் குழாய் போட்டு மிஷினோடு மாட்டுவதற்கு முன்னால், நீதான் அவரிடம் கேட்டாயாம். உங்கள் வார்டில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. மூச்சு மிஷினில் போடுகிற நோயாளிகளில் சிலருக்கு ஒரு புது மருந்து, சிலருக்கு வெறும் தண்ணி மருந்து. பாட்டில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், யாருக்கு எது போகிறது என்று கொடுக்கிற டாக்டருக்கே தெரியாது. அதில் சேர்க்க நோயாளி சம்மதிக்க வேண்டும். "நைனா, உங்களை இதுல சேத்துக்கலாமா? இஷ்டமில்லன்னா வேணாம், ஒண்ணும் கட்டாயமில்ல" என்று சத்தமாக, நிதானமாக, இரண்டு தடவை கேட்டாயாம். அவர் தலையாட்டினாராம். நீ சேர்த்துவிட்டாய்.

பழைய டி.பி. கேஸ் என்பதால் அந்த வார்டில் எல்லோர் வாயிலும் துணி கட்டியிருந்தது. உன் வாயிலும். காது அறவே கேட்காத மனுஷன், எதிராளியின் வாயைப் பார்த்து மட்டுமே பேச்சைப் புரிந்துகொள்கிற மனுஷன், அவரிடம் நீ வாயை மூடிக்கொண்டு சம்மதம் கேட்டிருக்கிறாய். அவர் போய்விட்டார் என்று என்னிடம் சொல்ல வார்டுக்கு வெளியே வந்தாயே, மாஸ்க்கைக் கீழே இழுத்தாய், வாயைத் திறந்தாய், அப்படியே நின்றுவிட்டாய். துக்கத்தில் வார்த்தை வரவில்லை என்று நான் நினைத்தேன். அந்த நொடியில்தான் உனக்கு அது உறைத்தது என்று குளத்துப் படியில் சொன்னாய். சொல்லிவிட்டு அன்று சாயந்திரமே பஸ் ஏறினவன்தான். அந்த வார்டை விட்டாய், ஆராய்ச்சியை விட்டாய், இந்த வீட்டையும் விட்டாய். இப்போது ஏதோ கம்பெனி ஆஸ்பத்திரியில் ஜுரத்துக்கும் தலைவலிக்கும் மாத்திரை கொடுக்கப் பாலைவனத்துக்குப் போகிறாய். ரயில் ஏறுவதற்குள் இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்க வேண்டும், நீ ஒரு தடவை வீட்டுக்கு வந்துவிட்டுப் போக வேண்டும். எனக்கு வேண்டியது இவ்வளவுதான்.

தப்புதான்டா. அது தப்பில்லை என்று நான் சொன்னால் நீ நம்பமாட்டாய், எனக்கும் பொய்யாகச் சமாதானம் சொல்லத் தெரியாது. துணியை ஒரு நிமிஷம் இழுத்துவிட்டிருக்கலாம். இல்லையென்றால் வாசலில் பெஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைக் கூப்பிட்டிருக்கலாம். எத்தனையோ நோயாளிகளிடம் கேட்ட கேள்வி, கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது, தூக்கமும் இல்லை. அதெல்லாம் சரி. ஆனாலும் தப்பு. அந்தத் தப்பை நீ எனக்குச் சொல்லிவிட்டாய். நான்தான் உனக்குச் சொல்லாமல் ஒன்றை வைத்திருக்கிறேன். நீ டாக்டருக்குச் சேர்ந்த அன்று, சொல்லக்கூடாது என்று உன் நைனா என்னிடம் கையடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார். தான் செய்தது தெரிந்தால் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளை தன்னைப் பற்றி என்ன நினைப்பான் என்று அவருக்கு வெட்கம். அவரே போன பிறகு யாருக்கு வெட்கம்? கேள்.

நீ மூன்றாவதோ நாலாவதோ படிக்கும்போது அவருக்கு நெஞ்சில் சளி வந்தது ஞாபகம் இருக்கும். மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை எடை போடுகிறவர், நாள் பூராவும் தூசு, இருமல் என்றால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ரத்தம் வந்த பிறகுதான் பார்த்தோம். அப்போது மெட்ராஸிலிருந்து ஆராய்ச்சி டாக்டர்கள் வாரா வாரம் இங்கே வந்துகொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. பழைய வைத்தியம் என்றால் வருஷக் கணக்கில் ஊசியும் மாத்திரையும். புதுசாக ஒரு சிவப்பு மாத்திரை வந்திருக்கிறது, அதைச் சேர்த்தால் சில மாசத்திலேயே நோய் போய்விடுகிறதா என்று பார்க்கிற ஆராய்ச்சி அது. யாருக்குப் பழசு, யாருக்குப் புதுசு என்று சீட்டுப் போட்டு எடுத்தார்கள். உன் நைனாவுக்குச் சிவப்பு மாத்திரை விழுந்தது. கோயில் தேரே வீட்டு வாசலில் வந்து நின்ற மாதிரி வந்தார் மனுஷன். மறுநாள் காலையில் பின்பக்கம் போனவர் "ஐயோ"வென்று கத்தினார். ஓடிப் பார்த்தால் ஒன்றுக்கு ஆரஞ்சுக் கலரில் போயிருக்கிறது. ரத்தம், செத்தேன் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த மாத்திரை சாப்பிட்டால் அப்படித்தான் போகும் என்று டாக்டர் சொன்ன பிறகு அதுவே பெருமையாகிவிட்டது. மண்டியில் ஆள் கூப்பிட்டுக் காட்டாத குறை.

கண்ணாடி போட்ட இளவட்ட டாக்டர் ஒருத்தர், உன் இப்போதைய வயசுதான் இருக்கும், அவர்தான் உன் நைனாவைப் பார்த்தார். நம் ஆட்களை "வாங்க, உக்காருங்க" என்று அந்தக் காலத்தில் எந்த டாக்டர் சொன்னார்? இவர் சொன்னார். அதிலேயே உன் நைனா விழுந்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் போகும்போது காலையில் எழுந்ததும் ஆழமாக இருமி எடுத்த சளியை மூடி போட்ட டப்பாவில் கொண்டுபோக வேண்டும். எச்சில் உதவாது, நெஞ்சிலிருந்து வர வேண்டும். அதை மெட்ராஸுக்குக் கொண்டுபோய் கிருமி வளருகிறதா என்று பார்ப்பார்கள். ஆரம்பத்தில் டப்பா நிறைய வந்தது. அந்த டப்பாவை உள்ளங்கையைக் குழித்து நடுவில் வைத்து, கோயிலில் விபூதி வாங்கி வருகிற மாதிரி ஏந்திக்கொண்டு போவார். மாத்திரை வேலை செய்யச் செய்ய இருமல் நின்றது, உடம்பு தேறியது, கன்னம் உப்பியது. ஆனால் சளி இல்லை. டப்பா காலி.

வேறு யாராக இருந்தாலும் தேங்காய் உடைத்திருப்பார்கள். உன் நைனாவுக்கு அதுவே துக்கமாகிவிட்டது. விடிந்ததும் கிணற்றடியில் குனிந்து நின்று கொக்கு கத்துகிற மாதிரி இருமுவார். ஒன்றும் வராது. "இன்னாங்க இது, இல்லாத சளியை எங்கேருந்து வரவழைக்கிறது, விடுங்க" என்பேன். "உனக்கு இன்னாடி தெரியும். பாவம், மெட்ராஸ்லருந்து அவ்ளோ தூரம் பஸ்ல வந்து உக்காந்துனுகீறாரு. போன தடவை டப்பாவைத் திறந்து பாத்துட்டு மூஞ்சி எப்பிடி ஆயிடுச்சி தெரியுமா?" என்பார். அந்த டாக்டர் முகம் எதற்கு மாறியதோ, பசியோ, பெண்டாட்டி ஞாபகமோ. இவர் அதைத் தன் காலி டப்பாவோடு முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

கொட்டகை வரிசையில் அவருக்கு ஒரு கூட்டாளி, சைக்கிள் கடை ஏழுமலை. நீ பஞ்சர் ஒட்டப் போனால் ஓசியில் காற்று அடித்து விடுவாரே, அவர்தான். ஏழுமலைக்குப் பழைய வைத்தியம் விழுந்தது, அதற்கு நோய் மசியவே இல்லை. இருமி இருமி டப்பா வழிந்தது. ஒரு காலை உன் நைனா காலி டப்பாவோடு தவிப்பதைப் பார்த்து, "இன்னா மாமா, இதுக்குப் போயா மூஞ்சைத் தொங்கப் போட்டுக்கினு? நம்மகிட்டதான் ஜாஸ்தி கெடக்குதே, இந்தா" என்று தன் டப்பாவிலிருந்து பாதியை ஊற்றினாராம். பக்கத்து வீட்டில் குழம்பு வாங்குகிற மாதிரி. இவரும் வாங்கிக்கொண்டு போய், உள்ளங்கையைக் குழித்து, டாக்டரிடம் நீட்டிவிட்டார். டாக்டர் முகம் மலர்ந்ததாம். அவ்வளவுதான், அது பழக்கமாகிவிட்டது.

டாக்டர் மகனே, அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கவர் ஒட்டாமல் வருவதால் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தச் சளியில் கிருமி வளர்ந்தது. அதுவும் எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி. ஆள் தேறிக்கொண்டே வருகிறார், சளி மட்டும் மோசம் என்று டாக்டருக்குக் குழப்பம். கடைசியில், சிவப்பு மாத்திரை இவருக்குப் பலிக்கவில்லை என்று முடிவு கட்டி, இருப்பதிலேயே கடுமையான ஊசியைத் தினம் போடச் சொன்னார். இல்லாத நோய்க்கு ஊசி. முதலில் காதுக்குள் சில்வண்டு கத்துகிறது என்றார். அப்புறம் மண்டியில் மூட்டை போடுகிற சத்தம் கேட்கவில்லை என்றார். கார்த்திகை தீபத்தன்று மலை மேல் தீபம் ஏறியதும் ஊரே "அரோகரா" என்று கத்தியபோது என் தோளைத் தட்டி, "இன்னாடி, இந்த வருஷம் ஜனம் கம்மியா?" என்று கேட்டார். கால் வைக்க இடமில்லாத கூட்டத்தில் நின்றுகொண்டு கேட்டார். விடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். ஊசியை நிறுத்தினார்கள். போன காது போனதுதான்.

ஏழுமலை அந்த நோயிலேயே செத்தார், மறுநாள் உன் நைனா என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். நான் ஆடித் தீர்த்துவிட்டேன். "டாக்டர்கிட்ட போய்ச் சொல்லித் தொலையுங்களேன்யா" என்று வாயை அகலமாகத் திறந்து, அவருக்குப் புரிகிற மாதிரி கத்தினேன். "சொன்னா அந்த மனுஷன் மனசு ஒடஞ்சிடும். அவர் போட்ட ஊசியாலதான் காது போச்சின்னு ஏற்கெனவே கண்ணு கலங்கினாரு. அதுவும் தேவையில்லாத ஊசின்னு தெரிஞ்சா தாங்குவாரா?" என்றார். காது போனது இவருக்கு, கவலை டாக்டருக்காக. உங்கள் ஆராய்ச்சிப் புத்தகத்தில் எங்கோ ஓர் ஓரத்தில் சிவப்பு மாத்திரை பலிக்காதவர்கள் என்று ஒரு கணக்கு இருந்தால், அதில் உன் நைனாவும் நிற்பார். மாத்திரை பாவம், அதன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது.

அதற்கப்புறம் நம் வீடு எப்படி நடந்தது என்று உனக்கே தெரியும். வெற்றிலை போடுவதை நான் விட்டது புருஷபக்தியால் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. வாயில் வெற்றிலை இருந்தால் உன் நைனாவுக்கு நான் திட்டுவது புரியாது, அதனால் விட்டேன். கரண்ட் போனால் சண்டை முடிந்தது. இருட்டில் நான் எவ்வளவு நல்ல நல்ல வசவுகளை வீணாக்கியிருக்கிறேன் தெரியுமா? ஆசிரமத்துக்கு வந்து நம் பின்கட்டு ரூமில் குடியிருந்த வெள்ளைக்காரம்மா மௌன விரதம் எடுத்தபோது பேசாத அந்தம்மாவும் கேட்காத இவரும் ஜாடையிலேயே மணிக்கணக்கில் பேசிச் சிரித்தார்கள். பேசவும் கேட்கவும் தெரிந்த நான் ஒருத்திதான் நடுவில் ஊமைச்சி மாதிரி நின்றேன். உனக்கு அப்போது இந்த வித்தை அழகாக வந்தது. அவர் முகத்துக்கு எதிரே போய் நின்று, வெளிச்சம் உன் மேல் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டுதான் பேசுவாய். எட்டு வயசுப் பிள்ளைக்குத் தெரிந்ததை டாக்டர் பட்டம் மறக்கடித்துவிட்டது என்று நீ உன்னையே திட்டிக்கொண்டிருப்பாய். தெரியும்.

அவருடைய இரண்டு பழக்கங்களை மட்டும் இப்போது ஞாபகப்படுத்துகிறேன். ஒன்று, யாராவது பேசுவது புரியவில்லை என்றால் "புரியலை" என்று சொல்லமாட்டார். சிரித்த முகமாகத் தலையாட்டிவிடுவார். இன்னொரு தடவை சொல்லவைத்து எதிராளிக்குச் சிரமம் கொடுக்கக்கூடாதாம். கல்யாணத் தரகர், அந்தப் பெரிய மீசைக்காரர், வாய் நிறையப் புகையிலையோடு மண்டியில் போய் இவரிடம் ஏதோ கேட்க, இவர் ஏதோ தலையாட்ட, அடுத்த ஞாயிற்றுக்கிழமை போளூரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் பழத்தட்டோடு வந்து இறங்கினார்களே! நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மாடியில் வடாம் பிழிந்துகொண்டிருந்தேன். "யாருடி இவங்கல்லாம்?" என்றார் இவர். "உங்க சம்பந்திங்க" என்றேன். லீவுக்கு வந்திருந்த நீ பின்கட்டு ரூமில் போய் ஒளிந்துகொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். இன்னொன்று, காது போன பிறகு அவருக்குக் குரலை அடக்கிப் பேச வராது. வீட்டுக்கு வந்தவருக்கு ஏதாவது கொடு என்று ரகசியமாகச் சொன்னாலும் அது தெருமுனை வரை கேட்கும், வந்தவர் கூச்சப்பட்டு எழுந்துவிடுவார். அதனால் ஒரு சைகை வைத்திருந்தார். வந்தவர் பார்க்காமல் உள்ளங்கையைக் குழித்து என் பக்கம் நீட்டுவார். அந்தப் பழைய டப்பாவை ஏந்துகிற அதே கை. வெறுங்கையோடு அனுப்பாதே என்று அர்த்தம். மோரோ, காபியோ, ஒரு படி மல்லாட்டையோ, ஏதாவது.

இப்போது மெட்ராஸ் வார்டுக்கு வருகிறேன். எழுதக் கை வரவில்லை, ஆனாலும் வருகிறேன். குழாய் போட்ட மறுநாள் மத்தியானம் என்னைக் கொஞ்ச நேரம் உள்ளே விட்டார்கள் அல்லவா? நர்ஸ் ஒரு துணியை எடுத்து என் வாயில் கட்டினாள். உள்ளே போனதும் முதல் வேலையாக அதைக் கீழே இழுத்தேன். "ஏம்மா, மாஸ்க்கை ஏத்து" என்று கத்தினாள். "ஏத்தினா என் புருஷனுக்குக் காது கேக்காதும்மா" என்றேன். அவளுக்கு நான் பைத்தியம். நீயும் இப்படித்தான் துணியை இழுத்துவிட்டுப் பேசியிருப்பாய் என்று நினைத்தேன், அதனால் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். மிஷின் மூச்சு விட, நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. என்னைப் பார்த்ததும் கண் சிரித்தது. எத்தனை நேரமாக வாய் இல்லாத முகங்களையே பார்த்துக்கொண்டு கிடந்தாரோ, என் வாயையே பார்த்தார். "ராஜா வந்தானா?" என்றேன். இமையை மூடித் திறந்தார். "இன்னா சொன்னான்?" என்றேன்.

கையைத் தூக்க முடியவில்லை அவரால். படுக்கையோடு படுக்கையாகப் புரட்டினார். விரலை ஒவ்வொன்றாக மடக்கி உள்ளங்கையைக் குழித்தார். குழித்த கையை நீ வருகிற கதவுப் பக்கமாக நகர்த்தினார். தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்தேன்டா. உதடு காய்ந்து வெடித்திருந்தது. "அவருக்குத் தண்ணி வேணுமாம்" என்று நர்ஸிடம் சொன்னேன், குழாய் இருக்கும்போது தரக்கூடாது என்றாள். "தரமாட்டாங்களாம்" என்று அவரிடம் சொன்னேன். அவர் இல்லை என்று தலையை அசைத்தார். மறுபடியும் கையைக் குழித்துக் கதவைக் காட்டினார். அதற்குள் என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, கடைசியாக ஒரு வாய் தண்ணி கேட்டார், கொடுக்க முடியவில்லையே என்று அழுதேன். வீட்டில் என்றால் அந்தக் கை எனக்கு உடனே புரிந்திருக்கும். அங்கே யாரடா விருந்தாளி? எனக்குத் தோன்றவே இல்லை.

குளத்துப் படியில் நீ மாஸ்க் என்று சொன்னபோதுதான் புரிந்தது. நீ கேட்டது அவருக்கு ஒரு எழுத்துகூட விளங்கவில்லை. வெள்ளைக் கோட்டும் துணி கட்டின முகமுமாக எத்தனை பேர் நின்றாலும் உன் கண்ணும் புருவமும் அவருக்குத் தெரியாதா? எதையோ வேண்டிக்கொண்டு, தூக்கமில்லாமல் சிவந்த கண்ணோடு பிள்ளை வந்து நிற்கிறான். என்ன வேண்டும் என்று தெரியவில்லை. ஆனால் ஏதோ வேண்டும் என்று தெரிகிறது. தலையாட்டினார். அந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருந்த கண்ணாடி டாக்டரை எப்படி வெறுங்கையோடு அனுப்ப முடியவில்லையோ, அப்படி உன்னையும் அனுப்ப முடியவில்லை. மறுநாள் நான் போனபோது என்னிடம் கேட்டதும் அதுதான்: பையன் வந்து எதையோ கேட்டான், எனக்குப் புரியவில்லை, நீ விசாரித்துக் கொடுத்துவிடு. அன்றைக்கே படியில் இதை உனக்குச் சொல்லியிருப்பேன். சொல்ல வேண்டுமானால் டப்பா கதையைச் சொல்ல வேண்டும், அதைச் சொல்லமாட்டேன் என்று அவருக்குக் கொடுத்த வாக்கு தடுத்தது. நான் முடிவு பண்ணுவதற்குள் நீ பஸ் ஏறிவிட்டாய்.

அதனால் அது சம்மதம் ஆகிவிடாது, தெரியும். உங்கள் ஆராய்ச்சிக்கு வேண்டிய சம்மதம் வேறு, உன் நைனா கொடுத்தது வேறு. அவருக்குப் போனது மருந்தா, தண்ணியா என்று உனக்கே தெரியாது என்றாய். எனக்குத் தெரிய வேண்டாம். நான் கேட்கவும் மாட்டேன். ஆனால் ஒன்று யோசித்துப் பார். உன் முன்னால் படுத்திருக்கிறவன் டாக்டருக்காக இருமுகிறான், டாக்டருக்காகத் தலையாட்டுகிறான், டாக்டர் முகம் வாடக்கூடாது என்று இன்னொருத்தன் சளியைக் கொண்டுவந்து நீட்டுகிறான். இதெல்லாம் எந்தக் காலேஜில் சொல்லிக்கொடுக்கிறார்கள்? "ஜனங்க பொய் சொல்றாங்கம்மா, அதனாலதான் ஆராய்ச்சி கெடுது" என்று முன்னே ஒரு லீவில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய். எதிரே உட்கார்ந்திருந்த உன் நைனா உன் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டு, தலை குனிந்து சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவர்கள் பொய் சொல்லவில்லைடா. உபசாரம் செய்கிறார்கள். அது இந்த வியாதியைவிட நம் ஆட்களுக்குள் ஆழமாக ஊறிக் கிடக்கிறது. இனிமேல் ஒருத்தன் தலையாட்டினால் உனக்குச் சந்தேகம் வரும். துணியை இறக்குவாய், வெளிச்சத்தில் போய் நிற்பாய், மறுபடியும் கேட்பாய், "என்ன கேட்டேன், நீங்களே சொல்லுங்க" என்பாய். அந்தச் சந்தேகம் உன் கையில் வந்திருப்பது இரண்டு தரம் உன் நைனாவை விலையாகக் கொடுத்து. அதை எடுத்துக்கொண்டு போய் ஜுரத்துக்கு மாத்திரை கொடுக்கிற இடத்தில் புதைக்கப் போகிறாயா? போகாதே என்று நான் சொல்லவில்லை. சவுதிக்குப் போவதானாலும் போ. ஓடிப்போவதாக இருந்தால் மட்டும் போகாதே.

வீடு அப்படியே இருக்கிறது. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியை வெளிச்சத்துக்கு எதிரே போட்டிருந்தோமே, அதை நான் நகர்த்தவில்லை. சில நாள் மத்தியானம் எதிரே உட்கார்ந்து பழக்கதோஷத்தில் வாயை அகலமாகத் திறந்து, சத்தமே இல்லாமல் அவரோடு சண்டை போடுகிறேன். இப்போதும் அவர்தான் ஜெயிக்கிறார்.

ஒரு பகல் வந்துவிட்டுப் போ. ஸ்வீட், பழம், எனக்குப் புடவை, அவர் படத்துக்கு மாலை என்று எதையாவது தூக்கிக்கொண்டு வந்து நிற்காதே. உங்கள் இரண்டு பேருக்கும் அது ஒரு வியாதி. என் எதிரே அந்த நாற்காலியில் உட்கார், வாயைத் திறந்து எதையாவது பேசு, போதும். இந்த ஒரு தடவை வெறுங்கையோடு வாடா.

உன் அம்மா